நீருக்குச் சுழி

காந்த அறைக் கதவில்
என் கையெழுத்தில் ஒட்டிய பட்டியல்:
கொலுசு, மெட்டி, தாலிச்சரட்டுக் குண்டு,
ஊக்கு, சாவிக்கொத்து, அரைஞாணில் தாயத்து.
தமிழில் ஒன்று, தெலுங்கில் ஒன்று, வங்காளத்தில் ஒன்று.
வேலூருக்கு வைத்தியத்துக்கு வருகிறவர்கள்
பெரும்பாலும் இந்த மூன்றில் அடங்குவார்கள்.
மீதிக்குக் கைஜாடை.

தனகோட்டி எல்லாம் கழற்றித்
தட்டில் வைத்தார்.
பீடிக்கட்டையும் வைத்தார்.
"அதில் இரும்பு இல்லையே" என்றேன்.
"இன்னாத்துக்கு வம்பு" என்றார்.

ஊர் திருவலம். வயது ஐம்பத்து நான்கு.
மூன்று மாதமாய்த் தலைவலி.
தொழில் என்ற கட்டம் மட்டும் காலி.
கேட்டேன்.
"வெல்டிங். ராணிப்பேட்டையில இருந்தேன்.
இப்ப வூட்டாண்டயே. கேட்டு, கிரில், தண்ணி டேங்கு ஸ்டேண்டு."
"கண்ணுல எப்பவாவது பொறி விழுந்துதா?"
சிரித்துவிட்டார்.
"விழாத வெல்டர் யாரும்மா?"

கைப்பிடியிலிருந்து என் கை
தானாக இறங்கியது.

உள்ளே இருப்பது உறங்காத காந்தம்.
சுவிட்சை அணைத்தால் அணைகிற ரகமில்லை.
திரவ ஹீலியத்தில் ஊறியபடி
தீபாவளிக்கும் விடுப்பில்லாமல்
இழுத்துக்கொண்டே இருக்கும்.
குருணை அளவு இரும்பு
கண்ணுக்குள் புரண்டால் போதும்,
பார்வை அன்றோடு.

ஆகவே முதலில் பக்கத்து அறை, சி.டி.
வளையத்துக்குள் தலை.
குழாய் சுற்றிச் சுற்றி வந்து
கோணத்துக்கொரு நிழல் எடுக்கிறது.
ஒற்றை நிழலில் ஒன்றும் தெரியாது.
எலும்பின் மேல் கண், கண்ணின் மேல் மூளை,
தேர்க்கூட்டத்தைப் பின்னால் நின்று பார்ப்பது மாதிரி.
ஆயிரம் நிழல்களையும் வந்த வழியே
கணினி திருப்பி அனுப்பும்போதுதான்
பூசணி வில்லையாய்த் தலை பிரிகிறது.
வில்லைக்குள் கட்டங்கள், கட்டத்துக்கு ஓர் எண்.
காற்றுக்குக் கழித்தல் ஆயிரம்.
கெட்டி எலும்பு ஆயிரத்தை ஒட்டி.
நீருக்குச் சுழி.

படிக்கிற காலத்தில் இந்த வரியில்தான்
நின்றுபோனேன்.
உடம்பை அளக்கக் கிளம்பியவர்கள்
தண்ணீரிலிருந்து எண்ணத் தொடங்கியிருக்கிறார்கள்.
பாலாற்று மணலைப் பார்த்து வளர்ந்தவளுக்குத்
தண்ணீர் என்றால் சுழி என்பது
வேறு கணக்கு.

இடது கண்குழியில் அது இருந்தது.
எண்களின் உச்சத்தில் முட்டி நிற்கும் வெள்ளை.
சுற்றிலும் கீற்றுக் கீற்றாய்ப் பொய்யொளி,
கம்பி மத்தாப்பு.

காட்டச் சொன்னார். காட்டினேன்.
வெகுநேரம் பார்த்தார்.
"சத்துவாச்சாரி மண்டபத்து கேட்டு.
மயில் வெச்சது.
தோகைக்கு கிரைண்டிங் ஓட்டும்போது.
பக்கத்து வூட்டு பச்ச உடம்புக்காரி
தாய்ப்பால் வுட்டுச்சு, சரியாப் பூடுச்சு.
பத்தொம்பது வருசம் ஆவுது."
அப்புறம், குரலைத் தாழ்த்தி,
"அந்தக் காந்தமே இழுத்து எடுத்துடாதா?"
"எடுக்கும். எந்த வழியா எடுக்கும்னுதான் சொல்லாது."

உள்ளே போயிருந்தால் என்ன செய்யும் என்றார்.
சொன்னேன்:
உங்க உடம்புத் தண்ணியில கோடானுகோடி
ஹைட்ரஜன் கரு இருக்கு.
ஆளுக்கொரு பக்கம் சுத்துறது, காந்தத்துக்குள்ள போனா
மொத்தத்துல ஒரு பக்கம் லேசாச் சாயும்.
ரேடியோ அலையால ஒரு தட்டு, சாய்வு கலையும்.
தட்டுறதை நிறுத்தினா
பழைய சாய்வுக்குத் திரும்பும்போது முனகும்.
கொழுப்பு சீக்கிரம் திரும்பும், தண்ணி சோம்பேறி.
அந்தத் தாமதம்தான் படம்.

"ஆத்துல ஊத்துப் பாக்குற மாதிரி" என்றார்.
ஆமாம் என்றேன்.
மணலைத் தோண்டாமல், மணலிடம் கேட்டு.

கண் டாக்டருக்குச் சீட்டு எழுதியாகிவிட்டது.
தலைவலி இன்னும் தலைக்குள்ளேயே இருக்கிறது.
சி.டி. வில்லைகளில் அதற்குப் பதிலில்லை.

அடுத்து மால்டாவிலிருந்து சுதீப்தா, வயிறு.
"நிஷ்ஷாஷ் போந்தோ கொரூன்" என்றேன்.
மூச்சை நிறுத்தினாள். வளையம் சுற்றியது.
திறந்திருந்த கதவு வழியே பார்த்தேன்.
தனகோட்டி பீடிக்கட்டை மடியில் செருகிக்கொண்டு
வராந்தாக் கிரில்லின் ஒட்டைக்
கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார்,
இடது கண்ணை மூடி,
வலது கண்ணை மூடி,
மாற்றி மாற்றி.